லோகோ தெரிகிறதா, முதலில் அதைப் பாருங்கள்
டி.வி. ஒளிபரப்பு: வாசகர் கேள்வி, நமது பதில்

செய்தி பார்க்கும்போது திடீரென்று படம் நின்றுவிடுகிறது. கேபிள்காரரைக் கேட்டால் "சேனல்லயே பிரச்சினை" என்கிறார். சேனலுக்குப் போன் போட்டால் "உங்க ஊர் கேபிள்ல பாருங்க" என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?
(வாசகி, தென்காசி)

இருவரையும் நம்ப வேண்டாம். திரையையே கேளுங்கள், அது சொல்லிவிடும்.

செய்தி அரங்கிலிருந்து உங்கள் வீட்டுக்குப் படம் வரும் வழி இது. கேமராக்களை மாற்றி மாற்றிப் போடும் பி.சி.ஆர். அறை, அதற்கடுத்து விளம்பரத்தையும் நிகழ்ச்சியையும் வரிசையாகக் கோக்கும் எம்.சி.ஆர். அறை, பிறகு படத்தைச் சுருக்கும் என்கோடர், பல சேனல்களை ஒன்றாகக் கட்டும் மல்டிபிளெக்சர், அப்லிங்க் டிஷ், செயற்கைக்கோள், கேபிள் நிறுவனத்தின் தலைமை நிலையம், ஃபைபர், தெருமுனைப் பெட்டி, கடைசியாக உங்கள் செட்டாப் பாக்ஸ். இதில் சேனலின் லோகோ ஏறுவது எம்.சி.ஆரின் கடைசிக் கட்டத்தில். கீழே ஓடும் ஸ்க்ரோல் பெரும்பாலான செய்திச் சேனல்களில் தனி கிராஃபிக்ஸ் மெஷினிலிருந்து வருகிறது. துப்பு துலக்க இந்த இரண்டும் போதும்.

செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தபடி உறைந்துவிட்டார், ஆனால் ஸ்க்ரோல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் கோளாறு நிலையத்துக்குள்ளே. பி.சி.ஆரிலிருந்து வரும் லைனோ, சர்வரோ மாட்டிக்கொண்டிருக்கிறது. திரை கறுத்துப்போய் லோகோ மட்டும் மூலையில் மினுங்கினால், எம்.சி.ஆர். பட்டியலில் ஓட வேண்டிய ஃபைல் வந்து சேரவில்லை. லோகோ, ஸ்க்ரோல், குரல் எல்லாமே ஒரே நொடியில் நின்றால் என்கோடரிலோ அதற்கப்பாலோ கோளாறு. அப்போது அதே குழுமத்தின் வேறு சேனல்களுக்கு மாற்றிப் பாருங்கள். அவையும் நின்றிருந்தால் பெரும்பாலும் அப்லிங்க் அல்லது செயற்கைக்கோள் பக்கம். இது மட்டும் என்றால் இந்தச் சேனலின் என்கோடர்.

படம் கட்டம் கட்டமாக உடைந்து, லோகோவும் சேர்ந்து உடைகிறதா? அது சிக்னல் வந்து சேரும் வழியில் உள்ள பழுது. அநேகமாக உங்கள் ஊர், உங்கள் தெரு, உங்கள் வீடு. ஒரு விதிவிலக்கு: களத்திலிருக்கும் நிருபரின் படம் மட்டும் உடைந்து லோகோ பளிச்சென்று இருந்தால், அங்கே மொபைல் நெட்வொர்க் திணறுகிறது. கேபிள்காரரைத் திட்ட வேண்டாம்.

வீட்டில் பார்க்க வேண்டியவை: பாக்ஸின் பின்னால் திருகும் எஃப் கனெக்டரைக் கழற்றுங்கள். நடுக்கம்பி பச்சை பூத்திருந்தால் மழைநீர் இறங்கியிருக்கிறது. ஒரு சாண் வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடச் சொல்லுங்கள். மேல்வலைக் கம்பியின் ஒற்றை இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே கதிதான். படுக்கையறை டி.வி.க்காக இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் போட்டிருந்தால் அது ஏறத்தாழ 4 டெசிபல் தின்னும். மீட்டரோடு வரும் பையனிடம் இரண்டு எண்ணைக் கேளுங்கள்: சிக்னல் அளவு 50 முதல் 70 டெசிபல் மைக்ரோவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், சிக்னல் எவ்வளவு சுத்தம் என்று காட்டும் எம்.இ.ஆர். 30-க்குக் கீழே போகக் கூடாது. அளவு நன்றாக இருந்து எம்.இ.ஆர். மட்டும் விழுந்திருந்தால், பெரும்பாலும் வழியில் யாரோ ஆம்ப்ளிஃபயரை அளவுக்கு மீறி ஏற்றிவைத்திருக்கிறார்கள்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் நடுப்பகலில் சில சேனல்கள் ஐந்தாறு நிமிடம் போய்விடுகின்றன. மின்தடை இல்லை, மழையும் இல்லை. ஏன்?
(கேபிள் இணைப்பு நடத்துபவர், காரைக்குடி)

சூரியன் உங்கள் டிஷ்ஷுக்குள் எட்டிப் பார்க்கிறது. செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. வருடத்தில் இரண்டு தடவை, சில நாட்களுக்கு, சூரியன் அதன் நேர் பின்னால் வந்துவிடும். சூரியனிடமிருந்து வரும் ரேடியோ இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய சிக்னல் மூழ்கிப்போகும். அவ்வளவுதான் விஷயம்.

தேதி ஊருக்கு ஊர் மாறும். சென்னைக்கு மார்ச் 14, 15 வாக்கிலும் செப்டம்பர் 28, 29 வாக்கிலும் உச்சம். கன்னியாகுமரிக்கு மார்ச்சில் இரண்டு நாள் பின்னால், செப்டம்பரில் இரண்டு நாள் முன்னால். டெல்லிக்கு மார்ச் 8, 9-லேயே வந்துவிடும். 12 அடி சி-பேண்ட் டிஷ்ஷில் உச்ச நாளுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள், நாளுக்கு அதிகபட்சம் எட்டு நிமிடம் வரை தொந்தரவு இருக்கும். நேரம் செயற்கைக்கோளைப் பொறுத்தது. நமக்கு ஏறக்குறைய நேர் தெற்கே, 83 டிகிரி கிழக்கில் நிற்பவற்றுக்கு நண்பகல் 12 மணியை ஒட்டி. 66 டிகிரியில், மேற்கே சாய்ந்து நிற்பவற்றுக்கு ஒரு மணிக்கு மேல். உங்களிடம் "சில சேனல்கள்" மட்டும் போவதற்கு இதுதான் காரணம்: டிஷ் ஒவ்வொன்றுக்கும் முறை தனித்தனியாக வருகிறது.

செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. செய்யக் கூடாதது ஒன்று உண்டு. "சிக்னல் இறங்கிடுச்சு" என்று பதறி டிஷ்ஷைத் திருப்பாதீர்கள். பத்து நிமிடத்தில் தானாக வர வேண்டியதை நீங்கள் அரை நாள் தேட நேரிடும். அந்த ஐந்து நிமிடமும் விடக் கூடாத சேனல் என்றால் ஃபைபர் வழியாக இன்னொரு வரத்து வாங்கி வைப்பதுதான் வழி. இன்னொன்று: தகட்டு டிஷ்ஷுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் பளபளப்புப் பெயின்ட் அடிக்க வேண்டாம். அந்த நாட்களில் வெயிலும் சேர்ந்து குவிந்து, டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யின் பிளாஸ்டிக் மூடியை உருக்கிவிடும். மங்கல் பெயின்ட் எதற்காக என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

மழை வந்தால் எங்கள் வீட்டு டி.டி.எச். போய்விடுகிறது, எதிர்வீட்டு கேபிள் போவதில்லை.
(வாசகர், நாகர்கோவில்)

உங்கள் டிஷ் பிடிப்பது கு-பேண்ட்; அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். கேபிள் நிறுவனத்தின் பெரிய டிஷ் பிடிப்பது சி-பேண்ட், ஏழரை சென்டிமீட்டர். மழைத்துளி சின்ன அலையைத்தான் அதிகம் விழுங்கும். உங்கள் டிஷ் 60 சென்டிமீட்டர்தான் என்பதால் சிக்னல் கையிருப்பும் குறைவு. 90 சென்டிமீட்டர் போட்டால் மூன்றரை டெசிபல் கூடும்: தூறல், நடுத்தர மழை தாங்கும். ஐப்பசி அடைமழைக்கு அதுவும் காணாது.

பேட்டியில் ஆங்கர் கேள்வி கேட்ட பிறகு நிருபர் சிலைபோல நிற்கிறார், அப்புறம்தான் பேசுகிறார். சில நேரம் பேச்சு குழறி, காதிலிருப்பதைப் பிடுங்கி எறிகிறார். என்ன நடக்கிறது?
(இதழியல் மாணவி, மதுரை)

நிருபர் யோசிக்கவில்லை, வழியில் நேரம் போகிறது. டிஷ் வைத்த வேனிலிருந்து வந்தால், செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர்; ஒளியின் வேகத்திலேயே கால் நொடி. படத்தைச் சுருக்கி விரிப்பதற்கு இன்னும் ஒரு நொடி அளவு. இப்போது அதிகம் புழங்குவது முதுகில் மாட்டும் பேக்பேக் கருவி. அதில் பல நிறுவனங்களின் சிம்கள் நாலோ, ஆறோ, எட்டோ இருக்கும். ஒரே படத்தைத் துண்டுபோட்டு எல்லா சிம்மிலும் அனுப்பி, நிலையத்தில் வரிசைப்படுத்திக் கோக்கிறார்கள். பிந்தி வரும் துண்டுக்காகக் காத்திருக்க எத்தனை நொடி என்பதைக் கருவியிலேயே வைக்கலாம். ஒரு நொடி வைத்தால் பேட்டி உயிரோட்டமாக இருக்கும், ஆனால் கூட்டத்தில் படம் உடையும். நாலு நொடி வைத்தால் படம் அசையாது, பேச்சு தந்தி அடித்தது போல இருக்கும். பொதுக்கூட்ட மைதானத்தில் ஆயிரக்கணக்கான போன்கள் அதே கோபுரத்தை உறிஞ்சும்போது எதைத் தேர்வு செய்வது என்பது பொறியாளர் பாடு. வெறும் காட்சிக்கு நீட்டி வையுங்கள், கேள்வி–பதிலுக்குக் குறைத்து வையுங்கள் என்பது என் கட்சி. பலர் ஒரே அளவை வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள்.

குழறலுக்குக் காரணம் வேறு. நிருபரின் காதுக்கு நிலையத்தின் ஒலி போக வேண்டும், ஆனால் அதில் அவருடைய சொந்தக் குரல் இருக்கவே கூடாது. இதை "என் மைனஸ் ஒன்" என்பார்கள்: எல்லாக் குரலும் உண்டு, கேட்பவர் குரல் மட்டும் கழிவு. ஒலிப் பலகையில் ஒவ்வொரு நிருபருக்கும் தனித்தனி ஆக்ஸ் (துணை ஒலி) வழி இதற்காகவே. அவசரத்தில் திருச்சி நிருபரை ஒன்றாம் லைனிலிருந்து மூன்றாம் லைனுக்கு மாற்றிவிட்டு, ஆக்ஸை மாற்ற மறந்தால் தீர்ந்தது. தன் குரலே இரண்டு நொடி கழித்துக் காதில் விழும். அதைக் கேட்டுக்கொண்டு கோவையாகப் பேசுவது மிகக் கடினம். அதனால்தான் பிடுங்கி எறிகிறார். பக்கத்து டீக்கடையில் அதே சேனல் சத்தமாக ஓடினாலும் இதே வினைதான். நேரலைக்கு முன் அந்த டி.வி.யின் ஒலியைக் குறைக்கச் சொல்வது நிருபர் வேலையில் ஒன்று.

படிக்கிறீர்கள் என்பதால்: ஆங்கராகப் போனால் ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேளுங்கள். பதில் வரவில்லையே என்று "கேட்கிறதா?" என்று இடையில் புகுந்தால், நிருபர் பேசத் தொடங்கி நிறுத்தி, நீங்களும் நிறுத்தி, இருவரும் ஒரே நேரத்தில் மறுபடி தொடங்குவீர்கள்.

உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்?
(வாசகர், ஓசூர்)

நொடிக்கு 25 படச்சட்டம். ஒரு சட்டம் 40 மில்லி நொடி. குரல் படத்துக்கு 40 மில்லி நொடிக்கு மேல் முந்தவோ, 60-க்கு மேல் பிந்தவோ கூடாது என்பது ஐரோப்பிய ஒளிபரப்பாளர்களின் அளவுகோல். முந்துவதற்கு ஏன் கண்டிப்பு அதிகம் என்றால், வேட்டு வெடிப்பதைப் பார்த்த பிறகு சத்தம் கேட்பது நமக்குப் பழக்கம், தலைகீழாகப் பழக்கமில்லை. எல்லாச் சேனலிலும் இப்படி இருந்தால் உங்கள் சவுண்ட்பார் அமைப்பில் ஒலித் தாமதம் என்று ஒன்று இருக்கும், அதைத் திருத்துங்கள். ஒரே சேனலில் என்றால் வேறு சேனலுக்குப் போய்த் திரும்புங்கள். அப்படியும் சரியாகவில்லையென்றால் அவர்கள் பக்கம்.

கிரிக்கெட்டில் சிக்ஸர் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து முதலில் வருகிறது. போனில் பார்க்கும் என் மகனுக்கு எல்லாருக்கும் கடைசியில்.
(வாசகர், வேலூர்)

டி.டி.எச்.சும் கேபிளும் சில நொடிகளுக்குள் வித்தியாசப்படும். ஒவ்வொரு நிறுவனமும் படத்தை மறுபடி பிழிவதில் ஒன்றிரண்டு நொடி கூடுகிறது. போன் செயலியில் படம் ஆறு நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு வருவது வழக்கம். மூன்று துண்டு கையில் சேர்ந்த பிறகே பிளேயர் ஓட்டும். அங்கேயே 18 நொடி. மகன் போனில் வாட்ஸ்அப்பை மூடி வைக்கச் சொல்லுங்கள். வேறு வைத்தியம் கிடையாது.

நாடகம் மெதுவாகக் கேட்கிறது, விளம்பரம் வந்ததும் வீடே அதிர்கிறது. வேண்டுமென்றே ஏற்றுகிறார்களா?
(வாசகி, ஈரோடு)

பெரும்பாலும் எம்.சி.ஆரில் யாரும் கை வைப்பதில்லை, தயாரித்து வரும்போதே அப்படி. பழைய மீட்டர் ஒலியின் உச்சியை மட்டும் அளக்கும். நாடகத்தில் கதவு சாத்தும் சத்தம் ஒரு உச்சி, மற்றபடி மெல்லிய பேச்சு. விளம்பரத்தில் அத்தனை ஒலியையும் அமுக்கி, எல்லாவற்றையும் உச்சிக்கு ஒட்டியே நிறுத்திவிடுகிறார்கள். மீட்டருக்கு இரண்டும் சமம், காதுக்கு இல்லை. இதற்காகத்தான் காது உணரும் சராசரிச் சத்தத்தை அளக்கும் எல்.யூ.எஃப்.எஸ். என்ற அளவு வந்தது. நிகழ்ச்சி, விளம்பரம் எல்லாமே மைனஸ் 23 அல்லது மைனஸ் 24-இல் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் வீடு அதிராது. ஃபைல் உள்ளே வரும்போதே அளந்து, மீறினால் திருப்பி அனுப்புகிற நிலையம் ஒழுங்கான நிலையம். வரும் விளம்பரத்தை அப்படியே ஏற்றிவிட்டுக் கடைசியில் ஒரு தானியங்கிக் கருவியை நம்புவது சோம்பேறித்தனம். அது நாடகத்தின் மௌனத்தையும் சேர்த்து இரைச்சலாக ஏற்றிவிடும்.

விளம்பரத்தின் ஒலி மிகையாக இருக்கக் கூடாது என்று 1994-ஆம் ஆண்டின் கேபிள் டி.வி. விதிகளிலேயே இருக்கிறது. மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது, அதில் 10 வணிக விளம்பரம், 2 சேனலின் சொந்த முன்னோட்டம் என்பதும் அதே விதிகள்தான்.

எண்பதுகளில் எங்கள் ஊரில் சென்னை தூர்தர்ஷன் தெரியாது, இலங்கை ரூபவாஹினி தெரியும். கடல் தாண்டி எப்படி வந்தது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தூத்துக்குடி)

சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது, ஆனால் அதன் வீச்சு சென்னையைச் சுற்றித்தான். ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15-இல் தொடங்கியது. அதன் ஒளிபரப்பி நின்றது இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலவில். உயரம் 2,524 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து அடிவானம் 207 கிலோமீட்டர். தூத்துக்குடியோ ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தள்ளி. கணக்குப்படி வந்திருக்கவே கூடாது.

மிச்சத்தைச் செய்தது கடல். வெப்பமான மாலையில் கடலுக்கு மேலே ஈரமான குளிர்காற்று அடியிலும், நிலத்திலிருந்து வந்த உலர்ந்த சூட்டுக்காற்று மேலேயும் அடுக்காக நிற்கும். அந்த அடுக்கு அலைகளைக் கீழ்நோக்கி வளைத்து, குழாயில் போவதுபோலக் கடத்திவிடும். உங்களுக்கு நினைவிருக்கும்: சில நாள் கண்ணாடி மாதிரி, சில நாள் வெறும் புள்ளி மழை. காற்றடுக்கு கலைந்தால் படமும் கலைந்தது. மொட்டைமாடியில் ஒருவர் ஆன்டெனாக் குழாயைத் திருப்ப, கீழிருந்து ஒருவர் "வருது... வருது... போச்சு" என்று கத்தியதில் பாதிப் பழி காற்றையே சேரும். வடக்கே கொக்காவிலில் இருந்த கோபுரம் ராமேஸ்வரத்துக்கு இன்னும் பக்கம், சுமார் 120 கிலோமீட்டர். அது 1990 போரில் அழிந்தது. 2011-இல் அதே இடத்தில் 174 மீட்டருக்குப் புதுக் கோபுரம் எழுந்தது.

அந்தக் காலத்து ஆன்டெனா இன்னும் மாடியில் இருக்கிறது. அதில் டி.டி. தமிழ் வருமா?
(வாசகர், விழுப்புரம்)

வராது. பொதிகை 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் ஆவதற்கு முன்பே, பழைய அனலாக் ஒளிபரப்பிகளை, எல்லையோரம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, மூடிவிட்டார்கள். மாதக் கட்டணமில்லாமல் பார்க்க டி.டி. ஃப்ரீ டிஷ் உண்டு: 93.5 டிகிரி கிழக்கில் ஜிசாட்-15 செயற்கைக்கோள். நம் பக்கத்தில் தென்கிழக்கு நோக்கி, சென்னைக் கணக்கில் 68 டிகிரி உயரம். சின்ன டிஷ்ஷின் முகம் அவ்வளவு நிமிர்ந்து இருக்காது, எல்.என்.பி. சாய்ந்து மாட்டியிருப்பதால் தட்டு 25 டிகிரி அளவுக்குக் குனிந்தே நிற்கும். அதைப் பார்த்துத் தப்பு என்று நிமிர்த்திவிடாதீர்கள்.

எம்.சி.ஆரில் இரவு வேலைக்குச் சேரப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?
(வாசகர், சென்னை)

முதலில் பட்டியலை நம்பாதீர்கள். எந்த விளம்பரம் எப்போது என்று வகுக்கும் டிராஃபிக் பிரிவு அனுப்பும் பட்டியலில் விளம்பரத்தின் பெயர் இருக்கும், சர்வரில் ஃபைல் இருக்காது. வேலை ஏற்றதும் அடுத்த நான்கு மணி நேரத்துக்குச் சிவப்பில் நிற்கும் வரிகளைத் துரத்திப் பிடியுங்கள். ஒவ்வொரு புது ஃபைலிலும் முதல் ஐந்து நொடி, கடைசி ஐந்து நொடி கட்டாயம் பாருங்கள்: முன்னால் வண்ணப் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கும், பின்னால் கறுப்பு நீளும். ஒரே விளம்பரத்துக்கு 10 நொடி, 20 நொடி, 30 நொடி என்று மூன்று வடிவம் வரும். விலை 10 நொடிக் கணக்கில் என்பதால் மாற்றி ஓட்டினால் பில்லில் சண்டை. ஓடியதை நொடி சுத்தமாகப் பதியும் ஆஸ்-ரன் அறிக்கைதான் அங்கே சாட்சி, அதைக் கையால் திருத்தாதீர்கள்.

அடுத்தது நேரம். நேரலைச் செய்தி 40 நொடி நீண்டுவிட்டால், கீழே எல்லாம் 40 நொடி தள்ளிப்போகும். "முந்தியது முடிந்ததும் ஓடு" என்று வைத்த வரிகள் அமைதியாகத் தள்ளும். "எட்டு மணிக்கு ஓடு" என்று பூட்டிய வரி மட்டும் முந்தைய நாடகத்தின் கழுத்தை நெரித்துக்கொண்டு சரியாக எட்டுக்கு ஓடும். அழுகைக் காட்சி பாதியில் வெட்டுப்படுவது இப்படித்தான். செய்தி முடிந்த கையோடு ஒரு முன்னோட்டத்தைத் தூக்கி 40 நொடியை மீட்டுவிடுங்கள், விளம்பரத்தைத் தூக்காதீர்கள்.

இடத்தையும் கணக்கில் வையுங்கள். 50 மெகாபிட் எச்.டி. ஃபைல் ஒரு மணி நேரத்துக்குப் படம் மட்டும் 22.5 ஜிபி, எட்டு ஒலித்தடமும் சேர்ந்தால் 26-க்கு மேல். நள்ளிரவில் சர்வர் நிரம்பிப் புது எபிசோட் ஏறாமல் நிற்பது அடிக்கடி வரும் வினை. பழையதை அழிக்கும் முன் காலை மறுஒளிபரப்பில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பேக்கப் சர்வர் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். அதன் பட்டியலும் அதே வரியில்தான் நிற்கிறதா என்று மணிக்கொரு முறை எட்டிப் பார்க்காவிட்டால், மாற்றும் பொத்தானை அழுத்தும் நேரத்தில் நேற்றைய நிகழ்ச்சி ஓடும்.

ஒரு சேனலில் எங்கள் தெருவைப் பற்றித் தப்பாகச் செய்தி போட்டார்கள். நாங்கள் பதிவு செய்யவில்லை. இனி முடியுமா?
(குடியிருப்போர் சங்கம், கோவை)

முடியும், தாமதிக்காதீர்கள். ஒளிபரப்பிய அனைத்தையும் 90 நாள் பதிவு செய்து வைத்திருப்பது சேனலின் கடமை. முதலில் சேனலின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2021-இல் திருத்திய விதிப்படி 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகையும், 15 நாளுக்குள் பதிலும் தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுயக்கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு.

கடிதத்தில் "சாயங்காலச் செய்தியில்" என்று எழுதாதீர்கள். தேதி, மணி, நிமிடம், திரையின் கீழ் ஓடிய தலைப்பு, ஒரே செய்தி மறுபடி எத்தனை மணிக்கு வந்தது என்பது வரை எழுதுங்கள். போன் செயலியில் பார்த்திருந்தால் நேரத்தில் அரை நிமிடம் பிந்தியிருக்கும், அதையும் குறிப்பிடுங்கள்.